பூ எடுத்த கை

என் மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள் என்று நம் வாட்ஸப் குழுவில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் அனுப்பாத செய்தி இல்லை. எந்த ஊரில் கத்திக்குத்து, எந்த ரயிலில் கைப்பையைப் பிடுங்கினார்கள், எந்தத் தெருவில் நம்மூர்ப் பையனை அடித்தார்கள், எல்லாம் காலைக் காப்பிக்கு முன்னால் வந்து விழுகிறது. அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள், தெரிகிறது. கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது, ஒரு மாடி ஏறி இறங்கினால் முழங்கால் அன்று முழுக்க முனகுகிறது. தனித்தனியாகப் பதில் போட என்னால் ஆகாது. எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பாதியில் கண் சொக்கினால் தூங்கிவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. பீளமேட்டில் ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான் குடும்பம். அப்பா அந்த மில்லில் பிட்டர். நூற்கிற மெஷின் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது காதுமடலில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். அம்மா ஏதாவது பேசிக்கொண்டே அதை எடுத்துப் போடுவாள். அவர் கைகளுக்கு மெஷின் எண்ணெயும் லைப்பாய் சோப்பும் கலந்த ஒரு வாசம் உண்டு. அந்த வருடம் மில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. காலைச் சங்கு ஊதாத நாட்களில் தெருவே எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. அப்பாவோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நூல் மில்லில் மாஸ்டராகப் போயிருந்தார். அவர் சொல்லி அந்த மில்லிலிருந்து அப்பாவுக்கு வேலை. இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தையும் கூட்டி வரலாம், டிக்கெட் அவர்களே தருவார்கள். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் தட்டுத்தடுமாறியாவது இங்கிலீஷ் தெரியும். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்தார். பிறகு என் அட்லஸை வாங்கி அந்த நாட்டின் மேல் விரலை வைத்து, "இங்க பாரு கண்ணு, கடல் பக்கத்துலயே இருக்குது" என்று காட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா என்பது ஒரு ஊர். அன்னூருக்கு அப்பால், இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற ஊர். அது கண்டம், அதற்குள் ஐம்பது நாடு இருக்கிறது என்று நான் அட்லஸை விரித்தபோது, அன்னூரில் தோட்டம் செய்கிற மாமா, அம்மாவின் அண்ணன், அதை வாங்கி மூடி வைத்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. பொழுது உளுந்துட்டா வெளிய தல காட்டக் கூடாதாமா" என்றார்.

அவருக்கு அதைச் சொன்னது போத்தனூர் அத்தை, அப்பாவின் அக்கா. பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் பயம் சொன்னவள்.

"அம்மணி, அங்க பொம்பளைங்க ஒடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாதாமா. குடுன்னு கேக்கறதெல்லாம் கெடையாதாமா. காதோட சேத்து அறுத்துட்டுப் போயிருவாங்களாமா."

"யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எங்க பக்கத்து ஊட்டு ரயில்வேக்காரரு. அவரு சம்மந்தி பையன் கப்பல்ல போறவன். அவனுக்குத் தெரியாமயா இருக்கும்?"

அந்தக் கப்பல்காரப் பையனை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டை நடத்தியது அவன்தான். அவன் சொன்னானாம், ஜன்னலுக்கு இரண்டு கிரில் வேண்டும். அவன் சொன்னானாம், குழந்தையைத் தனியாகப் பள்ளிக்கூடம் அனுப்பினால் திரும்பி வராது.

மூன்றாம் நாள் அத்தை போத்தனூருக்குத் திரும்பினால், அவள் வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது. இரண்டு பித்தளை அண்டா, கேஸ் சிலிண்டர், புதுப் புடவை நாலு, எல்லாம் போய்விட்டன. அடுத்த பஸ்ஸிலேயே அழுதுகொண்டு எங்களிடம் வந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்து, மூக்கைச் சிந்திவிட்டு அத்தை சொன்னாள்:

"பாத்தியா அம்மணி, இங்கயே இப்பிடின்னா அங்க எப்பிடி இருக்கும்!"

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அம்மா பயந்த சுபாவம்தான், ஆனால் பயத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவளுக்கு. மறுநாளிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பித்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் சமையல்கட்டில் என்னை நிற்கவைத்துக் கேட்பாள்.

"திருடன் முன்னால வந்து நின்னா என்ன பண்ணோணும்?"

"அவன் கண்ணப் பாக்கக் கூடாது."

"அப்பறம்?"

"அவன் கேக்கறதுக்கு முன்னாலயே தோட்டக் கழட்டிக் குடுத்துபோடோணும்."

"செரி, கழட்டு பாக்கலாம்."

எனக்கு ஒரு சிவப்புக்கல் தோடு இருந்தது. திருகாணி இறுக்கமானது. அம்மா ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவாள். பத்துக்குள் இரண்டு காதிலிருந்தும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும். முதலில் இருபத்தைந்து ஆனது. விரல் வழுக்கும், காது சிவந்து எரியும். ஒரு வாரத்தில் பன்னிரண்டுக்கு வந்துவிட்டேன். பத்தைத் தொடப்போன அன்று ஒரு திருகாணி கையிலிருந்து துள்ளி, தரையில் உருண்டு, சாக்கடைத் துளைக்குள் போய்விட்டது. அம்மா குச்சியை விட்டுத் துழாவினாள், கிடைக்கவில்லை. காது தூர்ந்துபோகக் கூடாது என்று ஈர்க்குச்சியைச் செருகிவிட்டாள். அந்தத் தோடு ஒற்றையாகக் கொஞ்ச நாள் டப்பாவில் கிடந்தது, பிறகு அதுவும் எங்கே போனது என்று தெரியாது.

அன்றைக்கு அப்பா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வெளையாட்டு இது?" என்று கேட்டார்.

"வெளையாட்டில்லீங்க. புள்ளைக்குப் பழக்கியுடறேன்" என்றாள் அம்மா.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் காதைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதும் கை தானாகக் காதுக்குப் போகும். எனக்கு அங்கே போகவே வேண்டாம் என்றிருந்தது. அதை அப்பாவிடம் சொல்லவும் பயம். அட்லஸில் விரல் வைத்த அந்த முகம் சுருங்கிப்போகும்.

ஒன்று கவனித்தீர்களா? அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கவலைப்பட்டது அம்மாவுக்கும் எனக்கும்தான். பொம்பளையும் குழந்தையும், பொம்பளையும் குழந்தையும் என்று திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. அப்பாவுக்கு அங்கே ஏதாவது ஆகுமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஆம்பளையைக் கத்தி குத்தாது என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கும் அன்று அது தோன்றவில்லை. இன்று நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

கடைசியில் மாமா ஒரு முடிவு சொன்னார். "நாம எதுக்கு மண்டையப் போட்டு ஒடச்சுக்கோணும்? சாமிகிட்டப் பூ கேட்டுரலாம் மாப்ள."

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் பெரிய வழக்கம். கல்யாணமா, கிணறு வெட்டுவதா, தோட்டம் வாங்குவதா, மனிதர்கள் பேசி முடியாததைச் சாமியிடம் விட்டுவிடுவோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாதபடி இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சாமி அந்தக் கை வழியாகப் பேசும் என்று நம்பிக்கை. விவரம் தெரியாத குழந்தை என்று அன்று அவர்கள் நிறுத்தியது என்னை.

கோயில் அன்னூர்ப் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். மாமா, அத்தை, அம்மா, அப்பா, நான். வழக்கமாக இரண்டு பொட்டலத்துக்கும் அரளிப் பூதான் வைப்பார்கள், செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. அன்றைக்கு வெள்ளரளிச் செடியில் ஒரு பூ இல்லை. பூசாரி அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அம்மா சாமிக்கு வாங்கி வந்திருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"வெள்ளை வந்தா மூணு பேரும் போகட்டும். செவப்பு வந்தா மாப்ள மட்டும் போயிட்டு வரட்டும்" என்று மாமா சத்தமாகச் சாமியிடம் சொன்னார். பூசாரி பொட்டலங்களைப் போட்டார். என்னை மண்டிபோடச் சொன்னார்கள். குனிந்தேன். வலது பக்கப் பொட்டலத்திலிருந்து மல்லிகை மணத்தது.

அவ்வளவு பேர் சுற்றி நின்றார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. சூட வாசத்திலும் விபூதி வாசத்திலும் அது அவர்களுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. என் மூக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் கை ஏற்கெனவே அந்தப் பொட்டலத்துக்கு மேலே போயிருந்தது. அதை இடது பக்கம் நகர்த்தி மற்றதை எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு. பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாய் தெறந்து சொன்னாப்புல சொல்லிருச்சு பாருங்க" என்றார் மாமா. அப்பா, "செரிங்க" என்றார். அவ்வளவுதான். பிரிக்காத பொட்டலத்தை எடுத்து மல்லிகையை அம்மாவிடம் கொடுத்து, "தலைல வெச்சுக்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளை நல்ல கனம், கால் மரத்துப்போயிருக்கும். கோவில்பாளையம் தாண்டியும் இறக்கிவிடவில்லை.

அடுத்த மாதம் அவர் தனியாகப் போனார்.

நீல நிற ஏரோகிராம் பதினைந்து நாளைக்கு ஒன்று வரும். மழை நம்மூரைப் போலத்தான், மக்காச்சோள மாவில் களி மாதிரி ஒன்று கிண்டுகிறார்கள், நன்றாக இருக்கிறது, மெஷின் பழையதானாலும் பையன்கள் கெட்டிக்காரர்கள், சொன்னால் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள், இப்படித்தான் எழுதுவார். தெருமுனையில் சோளக்கதிர் சுட்டு விற்கிற ஒரு அம்மா இவரைத் தினமும் நலம் விசாரிப்பாளாம். திருடர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் நல்லதுதான் செய்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் தந்தி வந்தது, விவரம் பின்னால் கடிதத்தில் வந்தது. மில்லிலிருந்து தங்கும் இடத்துக்கு நடந்து வரும்போது மூன்று பேர் மறித்திருக்கிறார்கள். பையைக் கொடுத்துவிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றத் தாமதமாகியிருக்கிறது. வலது மணிக்கட்டில் வெட்டு. சோளக்கதிர் விற்கிற அந்த அம்மாதான் தன் மேல் சேலை மாதிரி சுற்றியிருந்த துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். உயிர் தங்கியது. நரம்பு போய்விட்டது.

அப்பா ஊர் திரும்புவதற்கு முன்னால், அவருக்கு வேலை வாங்கித் தந்த அந்த மாஸ்டர் லீவில் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். நான் கதவோரம் நின்றேன். அவர் மனசு கேட்காமல்தான் சொன்னார், குத்திக்காட்டச் சொல்லவில்லை.

"நீங்க கூட வந்திருந்தா இது நடந்திருக்காதுங்க. குடும்பத்தோட வந்தவங்களுக்கெல்லாம் மில் காம்பவுண்டுக்குள்ளயே வீடுங்க. பெரிய செவுரு, கேட்ல ரண்டு வாட்ச்மேன். என்ற கொழந்தைங்க பொழுதுக்கும் உள்ளயேதான் சைக்கிள் ஓட்டறாங்க. தனியாளுங்கதான் டவுன்ல ரூம் எடுத்துக்கோணும், நடந்து வந்து போகோணும்."

அம்மா கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள். "இது அவருக்குத் தெரியுமுங்களா?"

"மொதல் லெட்டர்லயே போட்டிருந்தமுங்களே" என்றார் அவர்.

அவர் போனதும் அம்மா தகரப்பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. குடும்பத்தோடு வருபவருக்கு மில் வளாகத்துக்குள் குடியிருப்பு, தனியாக வருபவர் வெளியே தன் ஏற்பாட்டில் தங்கிக்கொள்ள வேண்டும். வாசித்துச் சொன்னேன். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அதைப் பற்றி அம்மா அப்பாவிடம் கடைசிவரை பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

அப்பா வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை, ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. மில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. ஒரு காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நான் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், காக்கிச் சட்டையில் நின்று கார்களுக்கு இடது கையால் சல்யூட் வைப்பார். பஸ்ஸில் என்னோடு வரும் பிள்ளைகளிடம் அது என் அப்பா என்று நான் சொன்னதில்லை. அதற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். "நாங்க அன்னிக்கே சொன்னமில்ல" என்றாள் அத்தை. "பொம்பளையும் கொழந்தையும் போகாம இருந்தது எத்தன புண்ணியம். சாமி காப்பாத்திப்போடுச்சு." மாமா கோயிலில் பொங்கல் வைத்தார். என் கையைப் பிடித்து எல்லோரிடமும் காட்டினார். "இந்தக் கைதானுங்க எடுத்தது. ராசியான கை."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பங்காளிகளில் யாருக்குப் பூ கேட்க வேண்டுமானாலும் என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். பெண் கொடுப்பதற்கு, போர் போடுவதற்கு, தறிப்பட்டறை வைப்பதற்கு. புதுப் பாவாடை கட்டிவிட்டு, சக்கரைப் பொங்கல் கொடுத்துச் சாமி முன்னால் மண்டிபோட வைப்பார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கைக்கு எது பட்டதோ அதை எடுப்பேன். எதுவும் மணத்துவிடக் கூடாதே என்று பயம். நான் வயசுக்கு வந்த பிறகுதான் என்னை விட்டார்கள். எல்லாப் பெண்களும் வெட்கப்பட்டு அழுத அன்று எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இதோ இப்போது என் மகளின் முறை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் தாத்தாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். உங்கள் செய்திகளை எல்லாம் வாசித்துக் காட்டிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "தங்கறது எங்க கண்ணு? அங்கிருந்து காலேஜுக்கு எப்பிடிப் போவே? கூட யாரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் மொபைலில் வரைபடத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடங்காத விரலால் அந்தப் பாதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அவள் கடைக்குப் போனதும் நான் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாயிற்று, இனி எப்போது கேட்பது?

"ஏனுங்கப்பா, குடும்பம் வந்தாக் காம்பவுண்டுக்குள்ள வீடுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமில்ல. பூ கேக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். இடது கையால் துடைப்பதால் எதுவும் மெதுவாகத்தான் நடக்கும்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்க கண்ணு" என்றார். "எனக்கோசரம் ரண்டு பேரும் நடுங்கிட்டே வந்திருப்பீங்க. வேண்டாமுன்னு உட்டுப்போட்டேன். அப்பறம் சாமியும் அதயேதான் சொல்லுச்சு. அந்தமட்டுக்கு எனக்கு நிம்மதி."

சாமி சொல்லவில்லை அப்பா, நான்தான் சொன்னேன், எது என்ன பூ என்று எனக்குத் தெரியும். இந்த வாக்கியம் என் வாய்க்குள் தயாராக இருந்தது. எத்தனையோ வருடமாக இருக்கிறது. சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். "அதனாலென்ன கண்ணு, நீ சின்னப்புள்ள" என்று அந்தக் கையால் என் தலையைத் தடவிக்கொடுப்பார். பிறகு அவருக்கு இருக்கிற அந்த ஒரு நிம்மதியும் இருக்காது.

நான் எழுந்து டீ வைக்கப் போனேன். உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் யாரும் அவரைப் பார்க்கும்போது சொல்லிவிடாதீர்கள்.